அச்சுக்கயிற்றியல்: கோலா சிலாங்கூர்த் தோட்டங்களை முன்வைத்து

டிராக்டர் அச்சில் கயிறு சுற்றுதல் என்பது, சுழலும் உறுப்பும் சுழலாத உறுப்பும் சந்திக்கும் இடைவெளியில் நூல், கயிறு, வலை, கொடி ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ வாடகையின்றிக் குடியேறி, அங்கே முன்பே குடியிருக்கும் ஆயில் சீலை நாளடைவில் வெளியேற்றுவதாகும். கயிறு யாருடையது என்பதை இவ்வரையறை பேசவில்லை. அது தனியே விளக்கத்தக்கது. உரச்சாக்கின் வாயைத் தைத்திருக்கும்வரை நூல் தோட்டத்துச் சொத்து. உருவித் தரையில் போட்டபின் அது யாருடையதும் அன்று. அச்சில் சுற்றியபின் டிரைவருடையது. இப்படிக் கைமாறும் எந்தக் கட்டத்திலும் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை என்பதே இத்துறையின் அடிப்படைச் சிக்கல்.

ஆய்வெல்லை தெற்கே சுங்கை செம்பிலாங் மீன்பிடித் துறையிலும் ஜெராமிலும் தொடங்கி, புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா எனத் தோட்டங்களின் ஊடாகச் சென்று, வடக்கே தஞ்சோங் காராங்கையும் செக்கிஞ்சான் நெல்வயல்களையும் தொட்டு நிற்கிறது. கடலோரத்தில் களிமண், உள்ளே கரிச்சதுப்பு, இரண்டுக்கும் நடுவே சிலாங்கூர் ஆறு. மீனவர் வீசிய வலை, தோட்டத்து உரச்சாக்கு, வயலில் பறவை விரட்டக் கட்டிய நாடா ஆகிய மூன்றும் ஒரே வட்டாரத்தில் டிராக்டர் சக்கரத்துக்கு எட்டும் தொலைவில் கிடைப்பது ஆய்வாளருக்குப் பெரும் வாய்ப்பு. டிரைவர்கள் இதை வாய்ப்பு என்று சொல்வதில்லை.

முன்னோர் மொழிந்தவற்றை முதலில் பார்ப்பது மரபு. தமிழ் நூல்கள் அச்சைப் பற்றிப் பேசாமல் இல்லை. திருக்குறளில் 475ஆம் குறள் மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறது. 667ஆம் குறள் அச்சாணியின் பெருமையைச் சொல்கிறது. பாரமும் ஆணியும் பேசப்பட்டன, ஒழுகல் பேசப்படவில்லை. இதற்காக வள்ளுவரைக் குறைகூறுவது முறையன்று. அவர் பார்த்த வண்டிக்குச் சீல் இல்லை. மசகு ஒழுகுவது அதன் இயல்பு, குற்றமன்று. வைக்கோற்பிரி சக்கரத்தில் சுற்றி இறுகினால் மாடு நின்று திரும்பிப் பார்க்கும். டிராக்டருக்கு அந்தப் பண்பு கிடையாது.

மலாயாவில் செம்பனை வணிகப் பயிராக முதலில் நடப்பட்டதும் இந்த எல்லைக்குள்தான். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தையை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தொடங்கினார். ஊரின் பெயர் பின்னாளில் பெஸ்தாரி ஜெயா என்று மாறியது. தோட்டக்காரர் நாவலாசிரியராக மாறி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார். பரிசு நாவலுக்குத் தரப்பட்டது, செம்பனைக்கு அன்று. ஆனால் அச்சுக்கயிற்றியலுக்கு அவருடைய நாவலைவிடச் செம்பனையே முக்கியம். பால்மரக் காட்டில் பாலை வாளியில் சுமந்து வெளியே கொண்டுவந்துவிடலாம். செம்பனைக் குலை ஒவ்வொன்றும் 15 கிலோ, 20 கிலோ என்று கனக்கும். வெட்டியதும் மில்லுக்குப் போயாக வேண்டும். அதனால் வண்டி மரத்தடிவரை உள்ளே வந்தது. மரத்தடியில் கயிறு கிடந்தது.

இனி சீல். அச்சுக்கூட்டுக்குள் இருக்கும் கியர் ஆயில் வெளியே வராமலும், வெளியே இருக்கும் சேறு உள்ளே போகாமலும் காப்பது அதன் வேலை. ஓர் இரும்பு வளையம். அதன்மேல் வார்த்த ரப்பர். உள்விளிம்பில் மெல்லிய உதடு. உதட்டின் முதுகை அணைத்தபடி மெல்லிய சுருள்கம்பி. வெளிப்பக்கத்தில் தூசியைத் தடுக்க இன்னொரு சிறு உதடும் பெரும்பாலும் உண்டு. புதுச் சீலின் உதடு ஷாஃப்டைத் தொடும் அகலம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்தத் தொடுகையின் அடியிலும் மைக்ரான் கணக்கில் ஓர் எண்ணெய்ப் படலம் ஓடும். அது இல்லாவிட்டால் உதடு கருகிவிடும். சீல் எண்ணெயை அணை போட்டு நிறுத்துவதாகப் பலரும் நினைக்கிறார்கள். நல்ல சீல் அதற்கு மேலும் செய்கிறது: ஷாஃப்ட் சுழலும்போது உதடு கசிவைத் திரும்ப உள்ளே இறைத்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே சீல் என்பது கதவன்று, ஓயாமல் வேலை செய்யும் ஆள். அதன் உதட்டில் தலைமுடி அளவு கீறல் விழுந்தாலும் அந்த வேலை நின்றுபோகும்.

சீல்களின் உதடு முதலில் தோலால் ஆனது. 1930ஐ ஒட்டி ஜெர்மனியில் ஃபிராய்டன்பெர்க் என்ற தோல் பதனிடும் நிறுவனம் செய்த சீலுக்கு, வால்டர் சிம்மர் என்ற பொறியாளரின் பெயரால் சிம்மரிங் என்று பெயர் வந்தது. பின்னர் தோலின் இடத்தை நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் பிடித்துக்கொண்டது. பால்மரத்து ரப்பர் ஏன் ஆகாது எனின், அது கனிம எண்ணெயில் ஊறினால் உப்பி உருக்குலைந்துவிடும். மூன்று தலைமுறை பால்வெட்டிய வட்டாரத்தின் டிராக்டர் ஒன்றில், ரப்பர் இல்லாமல் முடியாத ஓரிடத்தில், அந்த வட்டாரத்து ரப்பருக்கு வேலை இல்லை. இந்த ஆய்வுக்கு இது சம்பந்தமில்லாத செய்திதான். சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

கயிறுகளை அவை பிறந்த இடத்தைக் கொண்டு பகுப்பதைவிட, சீலுக்குச் செய்யும் கேட்டைக் கொண்டு பகுப்பதே பொருந்தும். அந்த வரிசையில் முதலிடம் உரச்சாக்கின் தையல் நூலுக்கு. 50 கிலோ சாக்கின் வாய் சங்கிலித் தையலால் மூடப்பட்டிருக்கும். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று ஒரே மூச்சில் முழுத் தையலும் அவிழும். தவறான முனையைப் பிடித்தவர் பாராங் கத்தியைத் தேடுவார். முதல்வகையினர் விடுவது நீண்ட நூல். இரண்டாம் வகையினர் விடுவது துண்டு நூல். நீண்டதே அச்சுக்கு உகந்தது. ஆக, கைத்திறன் கூடியவரே அதிகக் கேடு செய்கிறார் என்ற முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஹெக்டருக்கு 136 மரம். மரத்துக்கு 2 கிலோ உரம் என்று வைத்தால் 272 கிலோ, அதாவது ஏறத்தாழ ஐந்தரைச் சாக்கு. நூறு ஹெக்டருக்கு 544 சாக்கு. சங்கிலித் தையல் சாக்கு வாயின் நீளத்தைப்போல் பல மடங்கு நூலைத் தின்னும். சாக்குக்கு 2 மீட்டர் என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் ஒரே உரமிடலில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நூல் நூறு ஹெக்டரில் விதைக்கப்படுகிறது. இது முளைப்பதில்லை, மக்குவதுமில்லை. காலிச் சாக்குகளை மட்டும் மாலையில் எண்ணித் திருப்பித் தர வேண்டும். உரம் மரத்துக்குப் போனதா, வேறெங்காவது போனதா என்று பார்க்கும் வழி அது. சாக்கு ஒன்று குறைந்தால் வேலை வாங்கும் மண்டோருக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் இடையே பெரிய பேச்சு நடக்கும். நூலை எண்ணுவார் இல்லை. சாக்கு வாங்கும்போதே நூலையும் ஒரு பிடி அளந்து வாங்கினால் அச்சுக்கயிற்றியல் என்ற துறையே பாதியாகச் சுருங்கிவிடும் என்பது இந்த ஆய்வின் துணிபு. துறை சுருங்குவதை எந்த ஆய்வாளரும் விரும்பமாட்டார் என்பதும் உண்மை.

அடுத்தது ராஃபியா. சிவப்பு, நீலம், மஞ்சள் எனக் கண்ணைப் பறிக்கும் பிளாஸ்டிக் நாடாக் கயிறு. நாற்றங்காலில் கன்றைக் கட்ட, உதிரிப்பழச் சாக்கின் வாயைக் கட்ட, கோயில் திருவிழாவில் மாவிலை கட்ட, டிரெய்லரின் பின்விளக்கைக் கட்ட என அது இல்லாத வேலை இல்லை. பாலிபுரொப்பிலீன் என்ற இந்தப் பொருள் 1954இல் இத்தாலியின் ஜூலியோ நாட்டாவின் ஆய்வுக்கூடத்தில் உருப்பெற்றது. 1963இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இது 160 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும். நிற்கும் கூட்டுக்கும் சுழலும் ஹப்புக்கும் நடுவே உரசும்போது மேல்சுற்றுகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டி, ஆறியபின் கெட்டியான வளையல் ஆகிவிடும். கயிறாக உள்ளே போனது வளையலாக இருக்கும்; அதன் முனை எது என்று தேடுவது வீண்.

வைக்கோல் உருளை கட்டும் குளிர்நாடுகளில் இந்த இடத்தைப் பேலர் கயிறு பிடித்திருக்கிறது. அமெரிக்காவில் கதிர்க்கட்டு இயந்திரங்கள் முதலில் கம்பியால் கட்டின. கம்பித் துண்டுகள் தீவனத்தோடு மாட்டின் வயிற்றுக்குப் போகின்றன என்று உழவர்கள் முறையிட்டார்கள். 1870களின் இறுதியில் ஜான் ஆப்பிள்பி நூலால் முடிச்சுப் போடும் பொறியைக் கண்டார். மாட்டின் வயிறு தப்பியது. கற்றாழை நாரில் செய்த அந்தக் கயிறாவது மழையில் மக்கும். பிளாஸ்டிக் வந்தபின் அந்த ஆறுதலும் போனது.

மூன்றாவது மீன்வலை. செய்கையில் மிகக் கொடியது. முதலிடம் பெறாததற்குக் காரணம் எண்ணிக்கையில் குறைவு என்பது மட்டுமே. சுங்கை செம்பிலாங், ஜெராம் பக்கம் கிழிந்த நைலான் வலை வீணாவதில்லை. கோழிக் கூண்டுக்கும் காய்கறிப் பாத்திக்கும் வேலியாகிறது. அங்கே பழசானதும் பாதையோரத்துக்கு வருகிறது. ஒற்றை இழை நைலான் மெல்லியது, வழுக்குவது, கெட்டியானது. உருக 200 டிகிரிக்கு மேல் வேண்டும். ராஃபியாவைப்போல் வளையலாகி வெளியே நிற்காமல், தூசி உதட்டின் அடியில் நுழைந்து உள் உதட்டைத் தேடிப் போகும். படகுக்காரர்களுக்கு இந்த நோய் நெடுநாள் பழக்கம். படகின் விசிறியில் வலை சுற்றினால் கத்தியைக் கவ்விக்கொண்டு ஆள் நீரில் இறங்குவார். விசிறித் தண்டிலேயே சுழலும் வெட்டுத் தகடு பொருத்துவதும் படகுலகில் உண்டு. தோட்டத்து டிராக்டருக்கு அப்படியொன்றைப் பொருத்தும் யோசனை, அதைச் செய்யப்போகும் போர்மேனின் முகத்தைப் பார்த்ததும் கைவிடத்தக்கது.

கொடிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். மூடுபயிராக நட்ட முக்குனாவும், நடாமலே வந்த மிக்கானியாவும் மழைக்காலத்தில் பாதையைக் கடந்து படரும்; சக்கரம் அவற்றை முழம் முழமாக வாரிக்கொள்ளும். கொடி மக்கிவிடும் என்பதால் தனியாகக் கேடில்லை. ஆனால் வாரும்போது தரையில் கிடக்கும் நூலையும் சேர்த்து வாரும். பச்சையைப் பிய்த்து எறிந்துவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்புவோர், உள்ளே இருப்பதைப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். முள்கம்பி பற்றி எழுதத் தேவையில்லை. அது தன் சத்தத்தால் தானே அறிவித்துக்கொள்ளும்.

கயிறு ஏன் சரியாகச் சீல் இருக்கும் இடத்துக்கே போகிறது? சக்கரம் அகலமானது, அச்சுக்கூடு நீளமானது. நடுவே வேறு இடமில்லையா? கயிற்றுக்கு என்ன தீய எண்ணம் இருக்கிறது என்று கேட்டால், தீய எண்ணம் ஒன்றுமில்லை என்பதே விடை. டிராக்டரின் பின்னச்சில் ஷாஃப்ட் சுழல்கிறது, கூடு நிற்கிறது. டிரெய்லரில் அச்சு நிற்கிறது, ஹப் சுழல்கிறது. இரண்டிலும் சுழல்வதும் நிற்பதும் முகத்தோடு முகம் பார்க்கும் ஓரிடம் உண்டு. எண்ணெயோ கிரீஸோ தப்பக்கூடிய இடம் அது என்பதால்தான் சீலை அங்கே வைத்தார்கள். கயிற்றின் ஒரு முனை சுழல்வதைப் பிடித்து, மறு முனை நிற்பதில் மாட்டும்போது, அது இறுகக்கூடிய இடமும் அது ஒன்றே. சீலும் கயிறும் ஒரே காரணத்துக்காக ஒரே முகவரிக்கு வருகின்றன.

இறுகும் வேகத்தைக் கணக்கு காட்டும். உருளையில் சுற்றிய கயிற்றின் பிடி, சுற்றுக்குச் சுற்று கூடுவதில்லை, பெருகுகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஆய்லரும் அவருக்குப்பின் ஐட்டெல்வைனும் நிறுவிய விதி அது. துறைமுகத்தில் ஒற்றை ஆள் கப்பல் வடத்தைத் தூணில் சுற்றி நிறுத்துவது அதனால்தான். உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், ஒரு சுற்றில் இழுவிசை 6.6 மடங்கு, மூன்று சுற்றில் 285 மடங்கு, ஐந்து சுற்றில் 12,000 மடங்குக்கும் மேல். அதாவது முனையில் 10 கிராம் பிடிப்பு இருந்தால், ஐந்து சுற்றுக்குப்பின் மறுமுனையில் 120 கிலோவைத் தாங்கும். நூல் அதற்கு முன்பே அறும் என்று மறுக்கலாம். அறும்தான், அறுந்த முனை அடுத்து வரும் நூலுக்குப் பிடிமானம் ஆகும். பெரிய சக்கரம் ஒரு முறை உருள ஏறத்தாழ 4 மீட்டர். ஐந்து சுற்றுக்கு 20 மீட்டர். செம்பனை வரிசையில் இரண்டு மர இடைவெளிக்குச் சற்று மேல். டிரைவர் நான்காம் மரத்துக் குலையைப் பார்ப்பதற்குள் முதல் மரத்தடி நூல் தன் வேலையை முடித்துவிடுகிறது.

இதன்பின் நடப்பது மெதுவானது. அடுத்தடுத்த சுற்றுகள் பக்கவாட்டில் நெருக்கி முந்தியவற்றை உள்ளே தள்ளும். தூசி உதடு மடங்கும். உரசலின் சூட்டில் ரப்பர் கெட்டியாகும். நூலோடு வந்த களிமண் உப்புத்தாளின் வேலையைச் செய்யும். பின்னர் எண்ணெய் வெளியே வரத் தொடங்கும். மழைக்காலத்தில் நீர் உள்ளே போகும். எண்ணெய் பாலூற்றிய தேநீரின் நிறத்துக்கு வந்துவிட்டால் பேரிங்கின் கதை தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். டிரெய்லர் ஹப்பில் எண்ணெய் இல்லை, கிரீஸ்தான். அதனால் ஒழுகல் கண்ணுக்குத் தெரியாது, சக்கரம் ஆடும்போதுதான் தெரியும்.

நோயறிதலில் இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு மயக்கம் உண்டு. மற்ற ஊர்களில் சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் கண்டால் அது ஆயில் சீல் என்று உடனே சொல்லிவிடலாம். செம்பனைத் தோட்டத்தில் நசுங்கிய உதிரிப்பழமும் எண்ணெய் விடும். பின்னால் தொங்கி வரும் பையன், "அண்ணே, உள்சக்கரத்துல எண்ண கசியுது" என்பான். இருக்கையிலிருந்து, "அது பழத்து எண்ண, தம்பி, ஏறு" என்று விடை வரும். சீல்கள் பலவற்றின் சாவு இந்த ஒரு வாக்கியத்தில் தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. வேறுபாடு காண்பது எளிது. பழத்தெண்ணெய் செம்மஞ்சள், டயர் கட்டைகளிலும் வெளிப்பக்கத்திலும் திட்டுத் திட்டாக இருக்கும், காலைக் குளிரில் உறைந்திருக்கும். கியர் ஆயில் கறுத்தது. ஹப்பிலிருந்து விசிறிபோல் வெளிநோக்கி விரிந்து தூசியைப் பூசிக்கொண்டிருக்கும். விரலில் தொட்டு மோந்தால் கந்தக வாடை மூக்கில் ஏறும். நாற்றம் பிடித்தால் வண்டியை நிறுத்துவது, மணத்தால் போவது.

அகற்றும் முறையில் நான்கு கட்சிகள் உள்ளன. இழுப்புக் கட்சியினர் தெரியும் முனையைப் பிளையரால் பிடித்து முழு வலுவோடு இழுப்பர். மேலே சொன்ன ஆய்லர் விதிப்படி இவர்கள் செய்வது முடிச்சை இன்னும் இறுக்குவதே. நூல் சீலின் உதட்டை அறுத்துக்கொண்டே வெளிவரும்போது அவர்களுக்குப் பெரும் மனநிறைவு. பின்னோக்குக் கட்சியினர் டிராக்டரைப் பின்னால் ஓட்டினால் சுற்று தானே அவிழும் என்பர். தத்துவம் சரி, முன்னோக்கிச் சுற்றியது பின்னோக்கியே அவிழ வேண்டும். ஆனால் முனையைப் பிடிக்க ஒருவர் குனிந்திருக்க, இன்னொருவர் வண்டியைப் பின்னால் எடுப்பது ஆய்வுக்குரிய செயலன்று, தண்டனைக்குரியது. தீக்கட்சியினர் கொளுத்திவிட்டால் போயிற்று என்பர். ராஃபியா எரியும் சூட்டில் நைட்ரைல் உதடும் உடன்கட்டை ஏறும். ஹப்பில் ஊறிய எண்ணெய் இருந்தால் டயரும். இந்தக் கட்சிக்கு வாதத்தில் வலு குறைவு. ஆனாலும் ஆள்பலம் குறைந்ததில்லை.

நான்காவது வெட்டுக் கட்சி. இதுவே ஏற்கத்தக்கது, ஆனால் இந்த ஆய்வு முன்வைக்கும் கருத்து இந்தக் கட்சியினருக்கு உவப்பாக இராது. கயிறு சீலைக் கெடுப்பதற்கு வாரங்கள் ஆகும். கயிற்றை எடுக்க வந்த கத்திக்கு ஒரு நொடி போதும். வெளியே மட்டும் சுற்றி நின்ற கயிற்றை எடுத்துவிட்டு, மறுநாள் ஒழுகல் தொடங்கியதும் கயிற்றைப் பழிப்பது நடைமுறை. கயிறு குப்பையில் கிடப்பதால் மறுத்துப் பேசுவதில்லை.

முறை இது. வண்டியைக் கெட்டியான தரைக்குக் கொண்டுவருவது. கடலோரக் களிமண்ணில் ஜேக் வண்டியைத் தூக்குவதற்குப் பதிலாகத் தான் இறங்கும். முடியாவிட்டால் அடியில் அகலமான பலகை. எஞ்சினை நிறுத்தி, எஞ்சின் விசையைக் கருவிக்குக் கடத்தும் பீடிஓ இணைப்பை விடுவித்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வேண்டிய சக்கரத்தை மட்டும் தூக்கி, அச்சுக்கூட்டின் கீழ்த் தாங்கி கொடுப்பது. சோப்புத்தண்ணீரும் பழைய பிரஷும் கொண்டு சேற்றைக் கழுவுவது. அழுத்த நீர்ப்பீச்சியைச் சீலை நோக்கிப் பிடிக்கலாகாது. உதடு உள்ளிருந்து வரும் எண்ணெய்க்காகச் செய்யப்பட்டது, வெளியிலிருந்து குத்தும் நீருக்காக அன்று. சேறு போனபின் பார்த்தால், முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு திண்டு தெரியும்; நகத்தால் சுரண்டினால் உள்ளே நீல ராஃபியா, அதன் அடியில் வெள்ளைத் தையல் நூல், அதற்கும் அடியில் பழுப்பேறிய பழைய நூல் என்று படிவு படிவாகக் கிடக்கும். கீழ்ப்படிவு பழையது, மேற்படிவு புதியது என்ற நிலவியல் விதி இங்கும் செல்லும். கவனமாகப் படித்தால் எந்த மாதம் உரம் போட்டார்கள், எப்போது திருவிழா வந்தது என்பதும் தெரியும்.

முனை தெரிந்து, உருகாமலும் இருந்தால், தூக்கிய சக்கரத்தைக் கையால் பின்னோக்கி மெல்ல உருட்டிக்கொண்டே அவிழ்க்கலாம். பின்னோக்குக் கட்சியின் தத்துவத்துக்கு எஞ்சின் இல்லாத இடத்தில் மதிப்பு உண்டு. அவிழாவிட்டால் வெட்டு. கயிறு அச்சைச் சுற்றி ஓடுவதால் கத்தி அச்சின் நீளவாக்கில் போக வேண்டும்; சீலிலிருந்து விலகும் திசையில், தன்னிடமிருந்து அன்று, சீலிடமிருந்து. இரண்டும் ஒரே திசையாக அமைந்தால் கையும் பிழைக்கும். திண்டின் முழு ஆழத்துக்கும் அறுக்கக் கூடாது. பாதிவரை அறுத்து, அங்கே நிறுத்தி, சுற்றில் இன்னும் இரண்டு இடங்களில் அதேபோல் அறுத்து, படிவுகளைப் பட்டை பட்டையாக உரிக்க வேண்டும். அடிப்படிவுக்குக் கத்தி வேண்டாம். நுனியை மழுக்கி வளைத்த சைக்கிள் கம்பி போதும். ஷாஃப்டில் நீளவாக்கில் ஒரு கீறல் விழுந்து, அது உதடு ஓடும் தடத்தைக் கடந்தால், எவ்வளவு புதுச் சீல் போட்டாலும் எண்ணெய்க்கு அது வாய்க்கால். கத்திக்கும் சீலுக்கும் நடுவே, காலி எஞ்சின் ஆயில் போத்தலிலிருந்து வெட்டிய வளையும் பட்டையைச் செருகிக்கொள்வது நல்லது. டின் தகடு ஆகாது, அதன் விளிம்பே கத்தி. குலை வெட்டும் சபித் இதற்கு அறவே ஆகாது. பத்தடி உயரத்து மட்டைக்கு அடித்த கருவி அது. நுணுக்கம் அதன் குணமில்லை.

எடுத்த கயிற்றை என்ன செய்வது? எரிப்பதற்கு 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இடம் தராது. திறந்தவெளி எரிப்பு குற்றம். பாதையோரத்தில் எறிந்தால் அடுத்த டிராக்டருக்குச் சேரும். ஒரு முழம் நல்லதாகத் தெரிகிறதே என்று கருவிப்பெட்டியில் போட்டுவைப்பவரும் உண்டு; அது பிறகு பின்விளக்கைக் கட்டப் பயன்படும், அங்கிருந்து வரும் வழி எல்லோருக்கும் தெரியும். சாக்கில் போட்டுக் குப்பைக்கு அனுப்புவதே வழி.

கயிறு போனபின் சீலைப் பார்ப்பது. உதடு பளபளவென்று கெட்டியாகியிருந்தாலோ, மடிந்திருந்தாலோ, வெட்டு தெரிந்தாலோ மாற்ற வேண்டும். பழைய சீலின் முகத்தில் அச்சிட்ட மூன்று எண்கள் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். கடைக்குப் போகும்போது அந்தச் சீலையே எடுத்துக்கொண்டு போவது, எண்களை நினைவில் வைத்துக்கொண்டு போவதைவிடப் பாதுகாப்பு. சுருள்கம்பி தெரியும் பக்கம் எண்ணெயை நோக்க வேண்டும். மாட்டும்முன் உதட்டில் கிரீஸ் தடவுவது. காய்ந்த உதடு முதல் சில சுற்றிலேயே வெந்துவிடும். பல்லிட்ட ஷாஃப்டின் மேல் சீலை நகர்த்தும்போது பற்கள் உதட்டைக் கிழிக்காதபடி மெல்லிய பிளாஸ்டிக் காகிதத்தைச் சுற்றிக்கொள்வார்கள். பிளாஸ்டிக்குக்கு இந்த ஆய்வில் கிடைக்கும் ஒரே நற்பெயர் இது. ஒரு பக்கமாகச் சுத்தியலால் தட்டி இறக்காமல், விட்டம் பொருந்தும் குழாயை வைத்துச் சமமாக இறக்க வேண்டும். பழைய உதடு ஷாஃப்டில் வரி தேய்த்திருந்தால், புதியதை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்து, தேயாத தடத்தில் ஓடவிடலாம். வரி ஆழமாக இருந்தால் மெல்லிய இரும்புக் கவசம் இட வேண்டும்.

பிரீதரைப் பற்றிச் சொல்லாமல் சீலைப் பற்றிச் சொல்வது நிறைவாகாது. அச்சுக்கூட்டின் மேல் சுண்டுவிரல் அளவில் ஒரு மூச்சுத்துளை உண்டு. வேலையில் எண்ணெய் சூடேறக் காற்று விரியும். அது வெளியேறும் வழி அதுதான். அதைச் சேறு அடைத்துவிடும், சில நேரம் குளவி மண் வைத்து மூடிவிடும். காற்றுக்கு வழியில்லாமல் போனால், குற்றமற்ற சீலையும் தள்ளிக்கொண்டு எண்ணெய் வெளிவரும். ஒரே சக்கரத்துக்கு ஒரே பருவத்தில் இரண்டாம் சீல் போட்டும் ஒழுகினால், கயிறு அங்கே பொய்க்குற்றம் சுமந்து நிற்கிறது என்று அறிய வேண்டும்.

கடைசியில் எண்ணெய். வண்டி சமதரையில் நிற்க, அளவுத் துளையின் ஆணியைக் கழற்றி, அந்தத் துளை வழியே எண்ணெய் வழியத் தொடங்கும்வரை ஊற்றுவது. தயாரிப்பாளர் சொன்ன வகையையே ஊற்றுவது. ஆணியை இறுக்கி, ஹப்பைச் சுற்றிலும் துணியால் நன்றாகத் துடைத்து, எடைமேடைவரை ஒரு நடை போய்வந்து, புறங்கையை ஹப்பில் வைத்துப் பார்ப்பது. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கையும் பார்த்தாக வேண்டும். மறுநாள் காலை துடைத்த இடம் காய்ந்திருந்தால் வண்டியை வேலைக்கு அனுப்பலாம். ஈரமாக இருந்தால், புதுச் சீலைத் திட்டுவதற்கு முன் பிரீதரின் வாயில் ஒரு கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும்.